டீ மாஸ்டருக்கு முக்கால் லிட்டர்

மாஸ்டருக்கு ஒரு நாளைக்கு டாக்டர் அனுமதித்திருக்கும் திரவம் 750 மில்லி. தண்ணீர், டீ, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 31 வருடம் டீ ஆற்றியவர் அவர். அவர் கடைக் கண்ணாடி டம்ளரில் டீ 100 மில்லிக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு முழு நாளுக்கு அவருக்கு ஏழே டீ. வேறு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

'நிறைய தண்ணி குடி' என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்காது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும் விளங்க வேண்டிய அவசியமும் இல்லை.

விலா எலும்புகள் முடிகிற இடத்தில், முதுகுப் பக்கமாக இரண்டு சிறுநீரகங்கள். மூடிய கைப்பிடி அளவு, ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். ஆனால் இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், இந்த இரண்டுக்கும்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒரு நெஃப்ரான் என்றால் முனையில் ஒரு வடிகட்டி, அதற்குப் பின்னால் வளைந்து நெளிந்து போகும் ஒரு குழாய்.

டீக்கடைக்காரருக்கு வடிகட்டியை விளக்க வேண்டுமா என்ன? ஆனால் டீ வடிகட்டி பாதி உதாரணம்தான். அங்கே கீழே இறங்கியது இறங்கியதுதான். இங்கே ஒரு நாளைக்கு 180 லிட்டர் கீழே இறங்குகிறது. அதில் 178 லிட்டரைக் குழாய்கள் மறுபடி ரத்தத்துக்கே இழுத்துக்கொள்கின்றன. போகிக்கு முன்தினம் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வாசலில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்து அடுக்குவது மாதிரி. உள்ளே போகாமல் வாசலில் மிஞ்சுகிற ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீர்.

எவ்வளவு தண்ணீரைத் திரும்ப எடுப்பது என்று சொல்வது மூளை. ரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று, இரண்டு கூடினாலே ஹைபோதலாமஸ் என்ற பகுதிக்குத் தெரிந்துவிடும். உடனே இரண்டு வேலை செய்யும். ஒன்று, தாகத்தைக் கிளப்பும். இன்னொன்று, ஏ.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி, 'தண்ணீரை விட்டுவிடாதே' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். காலையில் முதல் சிறுநீர் அடர் மஞ்சளாக வருவது இந்த ஹார்மோன் ராத்திரி பூராவும் வேலை பார்த்ததால். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் ஹார்மோன் குறைந்து, கொஞ்ச நேரத்தில் சிறுநீர் தெளிந்துவிடும்.

மாஸ்டருக்கு 15 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கால் வீங்கி ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது கிரியேட்டினின் எங்கேயோ போயிருந்தது. சிறுநீரகத்துக்கு இப்படி ஒரு கெட்ட குணம் உண்டு. பெரும்பகுதி போகிற வரைக்கும் மீதி இருக்கிற நெஃப்ரான்கள் சத்தமில்லாமல் வேலையை இழுத்துப் போட்டுச் செய்துகொண்டே இருக்கும்.

இப்போது செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். தடவைக்கு நாலு மணி நேரம். ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், 1943-ல், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் இறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையைச் சுற்றி உருவாக்கிய எந்திரத்தின் வாரிசுதான் இது. அது எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனாலும் வாரத்துக்கு 168 மணி நேரமும் நடந்த வேலையை 8 மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் எப்படி? மாஸ்டருக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. குடித்தது அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே நிற்கும். கால் கொள்ளாவிட்டால் நுரையீரலுக்கு ஏறும்.

அதனால் அவர் மனைவி பானைக்குக் காவல் இருந்தார். 750 மில்லியை ஒரு பாட்டிலில் காலையிலேயே ஊற்றி வைத்துவிடுவார். ரசம் ஊற்றினால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவார். வெறும் சோறு இறங்காமல் மனுஷன் தவிப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய், ரெண்டு மோர்மிளகாய் வைப்பார். அது தண்ணீர் இல்லையே.

மகளின் வளைகாப்பு ஒரு வியாழக்கிழமை. பந்தியில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மாஸ்டர் உட்கார்ந்தார். புளியோதரை, அப்பளம், வத்தக்குழம்பு, ஊறுகாய். அன்றைக்கு ராத்திரி நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து போய் ஒரு மடக்கு. அப்புறம் இன்னொரு மடக்கு. விடியற்காலை படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் இருக்க வேண்டியதைவிட மூன்றரை கிலோ அதிகம்.

"திருட்டுத்தனமா குடிச்சிருக்காரு தம்பி. சின்னப்புள்ள கணக்கா காவல் காக்க வேண்டியிருக்கு" என்று மனைவி அழுதார். மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டயாலிசிஸ் டெக்னீஷியன் இருபத்தஞ்சு வயசுப் பையன். "அவரு மேல தப்பில்லம்மா. உப்பு உள்ள போனா மூளை தண்ணி கேக்கத்தான் செய்யும். அத மனசுல அடக்க முடியாது. நீங்க தண்ணிய எண்ணுறீங்க, உப்ப எண்ணல."

பையன் சொன்னது சரியான கணக்கு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்புத் திரவத்தின் உப்புத்தன்மையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நல்ல சிறுநீரகம் மிச்ச உப்பைக் கழித்துவிடும். அது முடியாதபோது 9 கிராம் உப்பு, அதாவது சுமார் ஒன்றரை டீஸ்பூன், உள்ளே தங்கினால் அதைச் சமன் செய்ய ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பு கேட்டு வாங்கிக்கொள்ளும். நல்ல உடம்புக்காரருக்கே நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. ஊறுகாய் வைத்தது அவர் கைதானே.

இப்போது அந்த வீட்டுக் குழம்பில் உப்பு பேருக்குத்தான். மிளகு, சீரகம், பூண்டு தூக்கலாக இருக்கும். நாக்கு வறண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புவார். இல்லாவிட்டால் ஒரு ஐஸ் கட்டி, அதுவும் கணக்கில் சேரும். தாகத்துக்கு நல்லது என்று இளநீரோடு வந்த மச்சினரை வாசலிலேயே மடக்கிவிட்டார் மனைவி. அதில் பொட்டாசியம் அதிகம். வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சோடியம் குறைத்த உப்பு என்று விற்கும் பாக்கெட்டுகளில் பலவற்றிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, அதுவும் இவருக்கு ஆகாது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எடை 1.8 கிலோதான் கூடியிருந்தது. பையன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

கடை இப்போது மகன் கையில். அவருக்கு 33 வயது, பிரஷர் இருக்கிறது. அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் சிறுநீர் டெஸ்ட் கொடுத்தார். ஆல்புமின் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறார். மாஸ்டர் சாயங்காலம் கடை பெஞ்சில் வந்து உட்காருகிறார். மகன் கடித்துக்கொள்ள எடுக்கும் மிக்சர் பாக்கெட்டை வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறார்.