ஆலம்பரையில் ஒரு ராத்திரி

போன பௌர்ணமிக்கு மகனும் நானும் கூடாரம், ஸ்டவ், மடக்கு நாற்காலியோடு காரில் கிளம்பினோம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம், அப்புறம் ஈ.சி.ஆர். அரை நாள்கூட ஆகாத வழியை ஒரு நாள் முழுக்க ஓட்டினோம். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் புளிசாதம். சாயங்காலம் கடப்பாக்கம். 1760-இல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, தெரிந்தவர் தோப்பில் தங்கினோம்.

இரவு 9 மணிக்குக் கழிமுகத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டேன். 3 மணிக்கு டார்ச்சோடு போனால், குச்சி ஈர மணலில் தனியாக நிற்கிறது. தண்ணீர் பத்தடி தள்ளி.

முப்பது வருஷம் ஓதம் பாடம் நடத்தியவன், ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன், "சார், மெரினாவுல கடல் உள்ளே போறதே தெரியலையே?" என்றான். பெஞ்சில் ஏற்றிவிட்டேன். அவன் கேட்டது சரிதான். காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் ஏறி இறங்கும் கடல், நம் பக்கம் பௌர்ணமியில்கூட 1 மீட்டர் அளவுதான். அன்று எனக்கே அது தெரியாது, கோபம் அதனால்தான்.

குரோம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவாயே, நீதானப்பா. இதைப் படித்தால் போன் பண்ணு. கூடாரத்தில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறது.