விருந்தாளிகள் குறையும் காடு

மெக்ஸிகோவின் மிச்சோவகான் மாநிலம். 3,000 மீட்டர் உயரத்தில் எல் ரொசாரியோ மலைக்காடு. மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான்: ஃபிர் மரங்களில் கொத்துக் கொத்தாகச் சருகுகள். மேகம் விலகி வெயில் படுகிறது. சருகுகள் அத்தனையும் ஆரஞ்சு நிறச் சிறகு விரிக்கின்றன. தூறல் விழுவதுபோல் ஒரு மெல்லிய ஓசை.

இவை மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள். எடை சுமார் அரை கிராம். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 4,000 கிலோமீட்டர் வரை பறந்து வருகின்றன. ஒன்றுகூட இதற்கு முன் இங்கு வந்ததில்லை. போன வசந்தத்தில் வடக்கே கிளம்பியவற்றின் பேரன், கொள்ளுப்பேரன்கள் இவை.

நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நாளையொட்டி வருவதால், வீடு திரும்பும் முன்னோர்களின் ஆன்மாக்கள் என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். வெளியுலகம் இந்த இடங்களை அறிந்தது 1975இல்தான்.

1996-97 குளிர்காலத்தில் இவை மொய்த்திருந்த காடு 18 ஹெக்டேர். 2013-14இல் 0.67 ஹெக்டேர். வடக்கே களைக்கொல்லி, புழுக்களின் ஒரே உணவான எருக்கங்குடும்பச் செடிகளை அழிக்கிறது. இங்கே கள்ளத்தனமாக மரம் வெட்டுகிறார்கள்.

மரம் வெட்டுவதை விட்டுவிட்டு இக்காட்டின் காவலராக மாறிய ஓமெரோ கோமெஸ் கோன்சாலெஸ், 2020 ஜனவரியில் காணாமல் போய், பிணமாகத்தான் கிடைத்தார். அவர் காத்த மரங்களைத் தேடி ஒவ்வொரு நவம்பரிலும் அவை வருகின்றன.