சானடோரியம் காற்றும் 575 வாட்டும்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது இழுப்பது 575 வாட். தினம் மூன்று மணி நேர விளையாட்டு என்று வைத்துக்கொண்டால் 60 நாளுக்கு 103.5 யூனிட் ஆகிறது. அரசு தரும் இலவசத்தைக் கார்டு ஒன்றே தின்றுவிட்டு, மூன்றரை யூனிட்டுக்கு மறுபடியும் கை நீட்டும். மானிட்டர், பிராசசர், கூடத்து மின்விசிறி, பாட்டி பார்க்கும் சீரியல் எல்லாம் அதற்குப் பிறகுதான் கணக்கில் ஏறும்.

575 வாட் என்றால் எவ்வளவு என்று விளக்க விமர்சகர்கள் யூடியூபில் வண்ண வண்ண வரைபடம் போடுகிறார்கள். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ ஏதாவது ஒரு சமையலறையில் கேட்டால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்: மிக்ஸி. வீட்டு மிக்ஸிகள் 500 வாட்டிலும் 750 வாட்டிலும் வருகின்றன. தேங்காய்ச் சட்னிக்கு இரண்டு நிமிடம் ஓடும் மிக்ஸியை ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நிறுத்தாமல் ஓட்டுவதுதான் பையனுடைய அறையில் நடக்கிறது. மிக்ஸியாவது தேங்காயை அரைத்துக் கொடுக்கும். கார்டு இழுத்த மின்சாரம் கணக்குப் போட்டு முடித்த கையோடு முழுக்கச் சூடாகி, அதே பத்துக்குப் பத்து அறைக்குள் இறங்கிவிடுகிறது.

கணக்கும் லேசுப்பட்டதல்ல. 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். நொடிக்கு 120 படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 100 கோடி புள்ளிகளுக்கு நிறம் முடிவாக வேண்டும்: எதில் வெயில், எதில் நிழல், எதில் ஈரத் தரையின் பளபளப்பு. 5090-இன் சில்லில் இதற்கென்றே 21,760 கணக்கு அலகுகள் இருக்கின்றன. அத்தனை இருந்தும் போதாமல், இந்தத் தலைமுறைக் கார்டுகள் நான்கு படத்தில் மூன்றைக் கணக்கிடாமல் ஊகித்தே வரைந்துவிடும் வித்தையையும் கற்றிருக்கின்றன. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு பழைய ராஜாவான 4090-க்குச் சமம் என்று அறிவித்தபோது, அந்தச் சமத்தில் பெரும்பங்கு இந்த ஊகத்துக்குத்தான். ஊகத்தை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் அந்தப் பேச்சை இன்னொரு முறை நிதானமாகக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கார்டு வாங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம், என்பதைத்தான். சூடு எவ்வளவு என்று கேட்பவர் அபூர்வம். விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. பெருங்களத்தூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், அக்னி நட்சத்திரம் நடக்கும் மே மாத இரவில், அதே கார்டு வேறு கார்டாகிவிடும். கார்டில் இருக்கும் மூன்று விசிறிகளும் அறைக் காற்றைத்தான் எடுத்து அடித்தாக வேண்டும். அறையைவிடக் குளிர்ந்த காற்றை அவை எங்கிருந்து கொண்டுவரும்? அறை 22 டிகிரியிலிருந்து 35 ஆனால் கார்டும் ஏறக்குறைய அந்தப் பதின்மூன்று டிகிரியைச் சேர்த்துக்கொள்ளும். 90 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியது ரெண்டு லட்ச ரூபாய் வேகம், கிடைப்பது அதில் வெயில் போக மிச்சம்.

ஏசி போட்டால் தீர்ந்தது என்பார்கள். தீரும். ஆனால் கம்ப்யூட்டர் கக்கும் சூட்டை வெளியே தள்ளவும் ஏசி தனியாக மின்சாரம் கேட்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது தாம்பரத்தில் கரண்ட் பில் கட்டும் எல்லா அப்பாக்களுக்கும் மனப்பாடம். 490-இல் இருந்த வீட்டை 510-க்குத் தள்ளிவிட்டது யார் என்ற விசாரணை நடந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு ஜாமீன் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கை. தாம்பரத்துக்கு ஆட்கள் ஒரு காலத்தில் வந்ததே காற்றுக்காகத்தான். கடற்கரை மின்ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின நிறுத்தத்துக்கு இன்னும் சானடோரியம் என்றுதான் பெயர். பச்சைமலைக்குப் பக்கத்தில் 1928-இல் அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. காசத்துக்கு மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும்தான் வைத்தியம். ஜன்னலைத் திறந்துவை, நோயாளியைக் காற்றில் கிடத்து என்பது அவருடைய கட்சி. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. மின்ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனிதரைத் தெரியும் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்.

தாம்பரத்துக்கு வருமுன் சௌரி முத்து இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளில், இதே முறையில் ஒரு சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தார். 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்ட நெவாசா கப்பலில் அவரும் ஒரு பயணி. அதே கப்பலில், முன்பு துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த, இப்போது கேம்பிரிட்ஜுக்குப் போகும் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார்: சீனிவாச ராமானுஜன். மூன்று வருடம் கழித்து, 1917-இல், ராமானுஜன் உடம்பு கெட்டு அந்த மெண்டிப் சானடோரியத்துக்கே நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார். தெரிந்த தமிழ் டாக்டர் என்பதில் ஆறுதல் இருந்திருக்கலாம். திறந்த ஜன்னலில் என்ன ஆறுதல்? கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு இங்கிலாந்தின் குளிர்காற்றில் வெடவெடத்தது. அதிக நாள் தங்கவில்லை. அடுத்துப் போன மேட்லாக் சானடோரியத்திலும் அறையில் கணப்பு கிடையாது. 1918-இல் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் குளிரைப் பற்றிப் புலம்பிவிட்டு, குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, தினம் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கட்டுரை எழுதப்போகிறேன் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

கணிதமேதை குளியலறையில் உட்கார்ந்து கணக்குப் போடும் அந்தக் காட்சி சிரிக்கவும் வைக்கும், வயிற்றைப் பிசையவும் செய்யும். அவருக்குக் கணக்குப் போடச் சூடு வேண்டியிருந்தது. இன்று கணக்குப் போடும் சில்லுக்கு வேண்டியதெல்லாம் சௌரி முத்து வற்புறுத்திய அதே காற்றோட்டம். மனித மூளை இயங்க ஏறக்குறைய 20 வாட் போதும் என்கிறார்கள். ராமானுஜனின் எண் பிரிவினைகளும் மாயத் தீட்டா சார்புகளும் அந்த 20 வாட்டில் வந்தவை. 575 வாட்டில் வருவது விளையாட்டின் நாயகன் நனைந்த தெருவில் ஓடும்போது சேற்றில் தெரியும் அவனுடைய பிம்பம். அதையும் குறைவாகச் சொல்லிவிட முடியாது, பிம்பம் அவ்வளவு அழகாக இருக்கிறது.

சானடோரியத்தில் இறங்காமல் தாம்பரத்துக்கே வருவோம். கார்டின் விலையைப் பார்த்தவர்கள் அதோடு வரும் பரிவாரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 5090-க்கு 1000 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது தயாரித்த கம்பெனி, 5080-க்கு 850. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். 5080 கார்டு மட்டுமே அந்த 360-ஐ முழுதாக எடுத்துக்கொள்ளும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிடும். கூடத்து இன்வெர்ட்டரில் இணைக்கலாம் என்று நினைத்தால், விளக்குக்கும் விசிறிக்கும் வாங்கிய 850 விஏ இன்வெர்ட்டர் இந்தச் சுமையில் திணறும். மழைக்காலத்தில் புறநகரில் மின்சாரம் எப்படி வந்து வந்து போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மழை என்றதும் முடிச்சூர்க்காரர்களுக்கும் வரதராஜபுரத்துக்காரர்களுக்கும் 2015 டிசம்பர் நினைவுக்கு வரும். 2023-இல் மிக்ஜாம் புயல் அதைப் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் புதுப்பித்துவிட்டுப் போனது. தரைத்தள வீடுகளில் வானிலை அறிக்கை கேட்டதும் பரணில் ஏறும் பொருள்களின் வரிசை ஒன்று உண்டு: பத்திரங்கள், கேஸ் சிலிண்டர், அப்புறம் சிபியு. கம்ப்யூட்டர் பெட்டி மொத்தத்துக்கும் இங்கே சிபியு என்றுதான் பெயர். முன்பெல்லாம் அதை ஒற்றை ஆளாகத் தூக்கிவிடலாம். இன்றைய பெரிய கார்டுகளில் சில தனியாகவே இரண்டு கிலோவைத் தாண்டுகின்றன, நீளம் ஒரு அடிக்கு மேல். கார்டைக் கழற்றாமல் பெட்டியைச் சாய்த்துத் தூக்கினால் மதர்போர்டின் செருகுவாய் பிளந்துகொள்ளும். முழங்கால் தண்ணீரில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பதினாறு முனை மின்கம்பியைப் பிடுங்கும் காட்சியை எந்த விளம்பரத்திலும் காட்டமாட்டார்கள்.

அந்தப் பதினாறு முனைக்கும் ஒரு கதை இருக்கிறது. 600 வாட் வரை கடத்தக்கூடிய சின்ன இணைப்பான் அது. 2022 அக்டோபரில் 4090 வெளியான சில வாரங்களிலேயே அது உருகிய படங்கள் உலகெங்கிலுமிருந்து வந்தன. முழுதாகச் செருகாததே காரணம் என்றது கம்பெனி; பிறகு இணைப்பானின் வடிவத்தையும் திருத்தினார்கள். செருகிய பின் இடைவெளி தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பதும், கம்பியைச் செருகிய இடத்திலேயே மடக்காமல் விடுவதும் இன்றைக்கும் செய்ய வேண்டியவைதான்.

வாங்கும் இடம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு ரிச்சி தெருவுக்குப் போவதுதான் தென்சென்னையின் வழக்கம். 1931-லேயே மின்ரயில் ஓடத் தொடங்கிய தடத்தில் ஏறி, கிண்டியில் இறங்கி மெட்ரோ மாறினால் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை. ரேடியோ உதிரிபாகம் விற்ற தெரு இன்று ரெண்டு லட்ச ரூபாய்க் கார்டையும் பத்து ரூபாய் ஸ்க்ரூவையும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் விற்கிறது. “ப்ரோ, பட்ஜெட் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்” என்று ஒருவர் கூப்பிடுவார். பட்ஜெட்டை முதலில் சொல்லிவிடுகிறவர் அந்தத் தெருவுக்குப் புதிது. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் நகர்ந்துவிட வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று மகிழ்ந்தவர், கார்டு படுத்த அன்று சர்வீஸ் சென்டர் பில்லைக் கேட்கும்போது முழிப்பார். செகண்ட்ஸ் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, ராப்பகலாக நாணயம் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் ஒரே நாளில் வேலை இழந்தன. துடைத்து, பளபளப்பாக்கி, பெட்டியில் போட்டு விற்பனைக்கு வந்தவற்றில் அவையும் உண்டு.

கடைசியில் எதை வாங்குவது? 2025-இல் இந்தியாவுக்கு அறிவித்த ஆரம்ப விலைகள் இவை: 5090-க்கு 2,14,000 ரூபாய், 5080-க்கு 1,07,000, 5070 டிஐ-க்கு 80,000, 5070-க்கு 59,000. கடையில் அந்த விலையிலேயே கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். வீட்டில் இருப்பது 24 அங்குல 1080பி மானிட்டர் என்றால், 4கே-யில் கால்வாசிப் புள்ளிகள்தான் அதில் இருக்கின்றன. முதலில் மாற்ற வேண்டியது மானிட்டர். 1440பி மானிட்டருக்கு 5070 டிஐ போதும், அதற்கு மேல் ஆசை. 5080-க்குக் கூடுதலாக 27,000 கொடுத்தாலும் நினைவகம் அதே 16 ஜிபிதான், சூடு மட்டும் 300 வாட்டிலிருந்து 360 ஆகும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யும் 16 ஜிபி, 304 வாட். அன்றைக்குக் கடையில் எது மலிவோ அது. 5070-இல் 12 ஜிபி என்பதுதான் உறுத்தல். 5090-தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் வழி உண்டு: மென்பொருளில் மின்வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் வேகம் சில சதவீதமே குறையும், அறை ஓரளவு மூச்சுவிடும். ரெண்டு லட்சத்துக்கு வாங்கிவிட்டு அடக்கி வாசிக்கச் சொல்வதை அப்பாவிடம் எப்படி விளக்குவது என்பது வேறு விஷயம்.

பழைய கார்டு பெரும்பாலும் விற்பனைக்குப் போவதில்லை, வாரிசுக்குப் போகிறது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 போன்ற ஒரு நல்ல உழைப்பாளி, கூடுவாஞ்சேரியில் இருக்கும் சித்தி பையனுக்குப் பொங்கல் லீவில் பெட்டியோடு போய்ச் சேரும். 2025 அக்டோபரோடு புது விளையாட்டுகளுக்கான டிரைவர் அதற்கு நின்றுவிட்டது. ஜிடிஏ 5-க்கும் வாலரன்ட்டுக்கும் அதனால் ஒன்றும் குறைவில்லை. பையன் பெட்டியைப் பிரிப்பதற்குள் சித்தப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “நல்ல சாமான்தான்டா. பத்தாங்கிளாஸ் பரீட்சை முடியட்டும்” என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.