கூத்துக்கு இருபது நிமிடம்

கலை மக்களுக்கே உரியது என்று எத்தனையோ மேடைகளிற் கேட்டிருக்கின்றோம். வகுப்பறையில் நாமும் சொல்லி வந்திருக்கின்றோம். அச்சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஒரு பகலும் ஓர் இரவும் இருந்து பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

வெள்ளவத்தையில் ஒரு கலைவிழா. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நிகழ்ச்சிகள். கொட்டாஞ்சேனையில் நாம் கற்பிக்கும் பாடசாலையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவருடன் பேருந்தேறினோம். துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் அவர்கள். "உங்களில் எவரேனும் கூத்துக் கண்டதுண்டா?" என்று வழியிற் கேட்டோம். ஒருவரும் கை உயர்த்தவில்லை. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி பெறும் பிள்ளைகள், கூத்தையே கண்டதில்லையே என்று வருந்தினோம்.

மண்டப வாயிலில் மலையகத்திலிருந்து வந்த தப்புக் கலைஞர் அறுவர் நின்றனர். பிரதம விருந்தினரின் கார் நின்றதும் தப்பு முழங்கிற்று. விருந்தினர் உள்ளே சென்றதும் அவர்கள் வேலை முடிந்தது. நிகழ்ச்சிநிரலில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

முற்பகலில் பரதநாட்டியம். ஆடிய சிறுமியரின் உழைப்பிற் குறை காண இடமில்லை. ஆயினும் எமது மனம் வேறிடத்திற் சென்றது. சதிர் என்று இகழப்பட்ட ஆட்டமே இது. 1935இல் ருக்மிணிதேவி மேடையேறினார். 1936இல் கலாசேத்திரம் தோன்றியது. ஆடல் மதிப்புப் பெற்றது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த தேவதாசிக் குலப் பெண்களுட் பெரும்பாலோர் அந்த மதிப்புக்கு வெளியிலேயே நின்றுவிட்டனர். கலையை உள்ளே அழைத்துக் கலைஞரை வெளியே நிறுத்துவது எமது சமூகத்துக்குப் புதிதன்று.

அதன்பின் வில்லுப்பாட்டு, மெல்லிசை, இடையிடையே உரைகள். பிற்பகலில் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த குழுவின் வடமோடிக் கூத்து. ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம்; உரைகள் நீண்டமையால் அது பன்னிரண்டாயிற்று. முதிய அண்ணாவியார் மத்தளத்தை ஏந்தி நின்றார். கர்ணன் வரவு முடிந்தது, மணி ஒலித்தது. கர்ணன் களங்காணு முன்னரே திரை விழுந்துவிட்டது.

"விடியும்வரை இருந்து பார்க்க இக்காலத்தில் யாருக்கு நேரம், சேர்? சுருக்கியது தவறா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. பேராசிரியர் வித்தியானந்தனும் சுருக்கினார். 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் மேடையேற்றிய 'கர்ணன் போர்' சில மணித்தியாலத்துள் அடங்கிய கூத்துத்தான். பின்னர் 'இராவணேசன்' வந்தது; மௌனகுரு இராவணனாக ஆடினார். ஆனால், வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை ஆசானாக அழைத்து, பட்டம் பெற வந்த பிள்ளைகளை அவர் முன் மாணாக்கராக நிறுத்திய பின்பே அந்தச் சுருக்கம் நிகழ்ந்தது. அது கூத்தை அறிந்து சுருக்கியது. இது கடிகாரத்தைப் பார்த்து நறுக்கியது.

சிங்கள நாடக வரலாறும் இதையே சொல்கின்றது. 1956இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' நாடகத்தை மேடையேற்றிய சரச்சந்திரா, நாடகம எனும் கிராமியக் கூத்து வடிவைத் தேடிச் சென்று, சாள்ஸ் சில்வா குணசிங்க குருவின் துணையைப் பெற்றார். அந்த நாடகம தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தின் வழிவந்தது. எமது அண்ணாவியாரைப் போல அங்கும் ஏடு பிடித்துக் கதை நடத்தும் ஒருவர் உண்டு, மத்தளமும் உண்டு. இரு இனத்து உழைப்பாளரும் ஒருவர் கலையை ஒருவர் எடுத்துக்கொண்டபோது அவர்களுக்கிடையே மதில் இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் பெருமையோடு விளக்கிக்கொண்டிருக்கையில், மாணவருள் ஒருவனைக் காணவில்லை என்பது தெரிந்தது. தேடி வெளியே வந்தோம். மதிலோரத்திற் பழைய பத்திரிகைத் தாள்களைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பையன் அருகே குந்தியிருந்தான்.

"விழா உள்ளே நடக்கிறது. இங்கே உனக்கென்ன வேலை?" என்று அதட்டினோம்.

"பாட்டியுடைய தோட்டத்தில் காமன் கூத்துக்கு இப்படித்தான் அடிப்பார்கள், சேர். ராவெல்லாம் இருந்து பார்த்திருக்கிறேன்."

"பிறகேன் காலையிற் கை உயர்த்தவில்லை?"

"அது பாடத்தில் இல்லையே, சேர்."

எமக்கு வாயடைத்துப் போயிற்று. விழாக் குழுவினரை அந்நேரம்வரை மனத்துள் வைது கொண்டிருந்தோம். அவர்கள் தப்பை வாயிலில் நிறுத்தினர். நாமோ பத்து ஆண்டுகளாக அதை வகுப்பறை வாயிலில் நிறுத்தி வந்திருக்கின்றோம். தோட்டத்து மக்கள் மாசி மாதத்திற் காமன் நட்டு, மதனை எரித்து, ரதியின் புலம்பலைக் கேட்டு விழித்திருக்கும் அந்த இரவுகளைக் கூத்து என்று ஏற்க எமது பாடக்குறிப்பில் இடம் இருக்கவில்லை. இல்லாதது பிள்ளையின் அனுபவம் அன்று. இருந்ததைக் கேட்டறியும் அறிவு எமக்கு இல்லை.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் அருகே அமர்ந்தோம். மற்ற மாணவரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். எந்த அடிக்கு எந்த ஆட்டம் என்று அவர் அடித்துக் காட்டினார். பையன் அதை எமக்கு விளக்கினான். அன்று நாம் இருந்து கற்ற பாடம் அது ஒன்றே.

இரவு பேருந்துத் தரிப்பிடத்திலும் அவர்களைக் கண்டோம். தப்புகளைத் துணியிற் சுற்றி வைத்து மலைநாட்டுக்குத் திரும்பக் காத்திருந்தனர். "மாசியில் வாருங்கள்" என்றார் பெரியவர். "வந்தால் விடியும்வரை இருக்க வேண்டும்."

வருவதாகச் சொல்லியிருக்கின்றோம். இம்முறை வழிகாட்டிச் செல்லப்போகிறவன் அந்தப் பையன். பின்னே செல்லப்போகிறவர்கள் நாம்.