கெண்டை மீன் அணியின் ஊரில் ஒரு பிற்பகல்



ஹிரோஷிமா என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் உள்ளத்தில் எழுவது என்ன? 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15 மணி, வானைத் தொட்ட புகைக் குடை, அந்த ஆண்டு முடிவதற்குள் மாண்டுபோன ஏறத்தாழ 1,40,000 உயிர்கள்! கல்லூரியில் வரலாறு பயின்ற நாட்களில் எனக்கும் அந்த ஊர் அவ்வளவுதான். தேர்வுத் தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்குரிய ஒரு வினா. அங்கே வாழும் மக்கள் இன்று எதற்காகக் கவலைப்படுகிறார்கள், எதைப் பற்றித் தமக்குள் சண்டையிட்டுக் கொள்கிறார்கள் என்று நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. 2025 பிப்ரவரி இறுதியில் அந்நகரில் ஒரு நாளைக் கழித்த பின்னரே அது தெரிய வந்தது.

நான் ஜப்பான் சென்றதற்கு வேறொரு காரணம் உண்டு. என் லாத்தாவின் மகன் கோபே நகரில் முத்து வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறான். பன்னிரண்டு ஆண்டுகளாக, “அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடுகிறேன்” என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். மதரஸாவின் ஆண்டு விடுமுறையில் அவன் எனக்குப் பயணச்சீட்டு அனுப்பியபோது லாத்தா என்னைத் தனியே அழைத்து, “தம்பி, மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம். அவனிடம் ஒரு தேதியை மட்டும் வாங்கி வா” என்று சொல்லி அனுப்பினார்கள். தேதி கேட்கச் சென்ற நான் பேஸ்பால் பற்றி எழுதுவதைக் கண்டு நீங்கள் வியப்படையலாம். பொறுமையாகப் படியுங்கள்.

கோபேயிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஹிரோஷிமா நிலையம் அப்போது புதுப்பிக்கப்பட்டு வந்ததால் எங்கு நோக்கினும் தடுப்புத் தகடுகள். அதிலிருந்து வெளிவந்து தண்டவாளத்தை ஒட்டிக் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் மஸ்தா மைதானம். ஒரு காலத்தில் சரக்கு ரயில்கள் நின்ற இடத்தில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சுமார் 33,000 பேர் அமரலாம். போகும் வழியெல்லாம் சிவப்பு! ஜப்பான் முழுதும் நீலப் பலகையோடு காணப்படும் ‘லாசன்’ மளிகைக் கடைகூட அந்த மைதானத்தின் அருகே மட்டும் சிவப்புப் பலகை மாட்டியிருக்கிறது. அது ‘கார்ப்’ அணியின் நிறம். கார்ப் என்றால் கெண்டை மீன். ஹிரோஷிமாக் கோட்டைக்குக் ‘கெண்டைக் கோட்டை’ என்றொரு பழம்பெயர் உண்டு. அணியின் பெயர் அதிலிருந்து வந்தது.

நாங்கள் சென்ற வேளையில் மைதானம் பூட்டிக் கிடந்தது. ஆட்டக்காரர் ஒருவரும் ஊரில் இல்லை. பிப்ரவரி மாதம் முழுதும் ஜப்பானிய அணிகள் வெப்பமான தென்பகுதிக்குச் சென்று பயிற்சி பெறுவது வழக்கம். கார்ப் அணி நிச்சினானில் தொடங்கி ஓகினாவாத் தீவுக்குப் போய்விட்டிருந்தது. புதிய பருவம் மார்ச் 28இல்தான் தொடக்கம். அணி ஊரில் இல்லாவிட்டால் என்ன? அணியைப் பற்றிய பேச்சு ஊரில் இருந்ததே! குளிருக்கு அஞ்சி நாங்கள் நுழைந்த சிறிய காப்பிக் கடையில் அந்தப் பேச்சு கொதித்துக் கொண்டிருந்தது.

கடைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். சிவப்புத் தொப்பி அணிந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர், அங்கே பகுதிநேரம் வேலை பார்க்கும் பல்கலைக்கழக மாணவன் ஒருவன், மூலையில் செய்தித்தாளை விரித்தபடி எண்பது வயதைத் தொட்ட பெரியவர் ஒருவர். பருவம் தொடங்கும் முன்னர், ஆறு அணிகளில் எது எந்த இடத்தில் முடிக்கும் என்று முன்னாள் வீரர்கள் நாளேடுகளில் பட்டியல் வெளியிடுவார்களாம். பட்டியலைப் படிப்பதும், எழுதியவரைத் திட்டுவதும், பிறகு தாமே ஒன்று தயாரிப்பதும் அந்நாட்டு ரசிகர்களின் மார்ச் மாத வழக்கம். ஹிரோஷிமாக்காரர்கள் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறார்கள் போலும். என் மருமகன் எனக்கு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தான்.

அவர்கள் மனத்தில் அப்போது ஆறாத புண் ஒன்று இருந்தது. 2024 செப்டம்பர் தொடக்கத்தில் கார்ப் அணி முதலிடத்தில் இருந்தது. அந்த ஒரே மாதத்தில் 5 ஆட்டங்களில் வென்று 20 ஆட்டங்களில் தோற்று நான்காம் இடத்துக்குச் சரிந்தது! 143 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஐந்து மாதங்கள் கட்டியதை ஒரு மாதத்தில் இடித்துவிட்டார்கள். ஏன் நிகழ்ந்தது அச்சரிவு? பந்தெறிபவர்கள் களைத்துப் போனார்கள் என்றார் ஓட்டுநர். ஜூன் மாதம் சிபா லோட்டே அணிக்கு எதிராக ஒருவரையும் ‘ஹிட்’ அடிக்க விடாமல் ஓர் ஆட்டத்தையே முடித்துக் காட்டிய ஒசேரா உட்பட அனைவரும் கோடையில் அளவுக்கு மீறி உழைத்துவிட்டார்களாம். மாணவன் அதை ஏற்கவில்லை. “பந்தெறிபவர்கள் எதிரணியை இரண்டு ரன்னில் நிறுத்தினால், நம்மவர்கள் ஒரு ரன் எடுத்தார்கள். ஹோம் ரன் அடிக்க ஆளில்லாதது யார் குற்றம்?” என்று கேட்டான். புதிய பருவத்துக்காக டொமினிக்கன் குடியரசிலிருந்து ஃபாபியன், மொன்டேரோ என்ற இரு மட்டையாளர்களை வரவழைத்திருந்தார்கள். அவர்கள் இருவரையும் நம்பி ஓட்டுநர் மூன்றாம் இடம் என்றார். மாணவன் ஐந்து என்றான். கடையம்மாள் சற்றும் தயங்காமல், “முதலிடம்” என்றார். ஒவ்வோர் ஆண்டும் அவர் அப்படித்தான் சொல்வாராம்.

உண்மையான சண்டை அதற்குப் பின்னர்தான் மூண்டது. அணியின் முன்னணிப் பந்தெறியாளர்களுள் ஒருவரான குரி, 11 பருவங்கள் ஆடிய பின்னர், 2024 இறுதியில் ஒசாகாவின் ஓரிக்ஸ் அணிக்குப் போய்விட்டார். குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடிய வீரர் தாம் விரும்பும் அணிக்கு மாறலாம் என்பது அங்குள்ள விதி. கார்ப் அணியோ பெரும்பணம் கொடுத்துப் பிற அணியினரை இழுக்கும் வழக்கமில்லாதது. போகிறவர்கள் உண்டு, வருகிறவர்கள் அரிது. “டோக்கியோ அணியைப் போல் நாமும் பணத்தை இறைத்தால் என்ன?” என்று மாணவன் கேட்டதும் மூலையிலிருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

அவர் சொன்னதை நான் பின்னர் சரிபார்த்துக் கொண்டேன். 1949இன் இறுதியில் அமைக்கப்பட்டு 1950இல் முதல் பருவத்தை ஆடியபோது, பிற அணிகளுக்கு இருந்ததுபோல் பெரிய நிறுவனம் எதுவும் இந்த அணிக்குப் பின்னால் இல்லை. முதலாண்டில் 41 வெற்றி, 96 தோல்வி. எட்டு அணிகளில் எட்டாவது இடம். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் காசில்லை. 1951இல் அணியை வேறோர் அணியோடு இணைத்துவிடுவது என்ற நிலை வந்தபோது, மேலாளர் இஷிமோத்தோ ஊராரிடம் கையேந்தினார். மைதான வாயிலில் மரப் பீப்பாய்கள் வைக்கப்பட்டன. குண்டு விழுந்து ஆறே ஆண்டுகள்! வீடிழந்தவர்கள், உறவிழந்தவர்கள், தகரக் கொட்டகையில் குடியிருந்தவர்கள் அந்தப் பீப்பாய்களில் சில்லறைக் காசுகளைப் போட்டார்கள். அணி பிழைத்தது.

“என் தந்தை என்னைத் தூக்கிப் பிடித்துக் காசு போட வைத்தார்” என்றார் பெரியவர். பீப்பாயின் விளிம்பு அவருக்கு எட்டவில்லையாம். அதற்குமேல் அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மாணவனும் வாதாடவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை. பீப்பாயில் விழுந்த காசைக் கொண்டு இன்று ஹோம் ரன் அடிப்பவரை வாங்க முடியாது என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. உள்ளதைச் சொன்னால், அவன் பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

ஓட்டுநருக்கோ குரி மீதுதான் கோபம். வளர்த்த ஊரை விட்டுப் போகலாமா என்பது அவர் கேள்வி. “அராயைப் பார்த்தும் இப்படித்தான் கூச்சலிட்டீர்கள்” என்றார் கடையம்மாள். யார் இந்த அராய்? ஹிரோஷிமாவிலேயே பிறந்தவர், கார்ப் அணியின் மட்டையாளர். 2007 பருவம் முடிந்ததும் செய்தியாளர் கூட்டத்தில் கண்ணீர் விட்டபடியே ஹன்ஷின் அணிக்குப் போனார். மறு ஆண்டு எதிரணி உடையில் ஹிரோஷிமாவுக்கு வந்தபோது சொந்த ஊரார் அவரை ஏசினார்கள். அதே பருவத்தின் முடிவில் குரோதா என்ற பந்தெறியாளரும் அமெரிக்கா சென்றார். ஆயினும் அவரை எவரும் ஏசவில்லை. அமெரிக்கா போனால் பெருமை, ஒசாகாவுக்குப் பக்கத்தில் போனால் துரோகமா என்று கடையம்மாள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த இருவரும் 2015 பருவத்துக்கு ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். அமெரிக்காவில் தமக்குக் கிடைக்கவிருந்த பன்மடங்கு பெரிய ஊதியத்தை உதறிவிட்டுக் குரோதா வந்தார். அராய், முன்பு பெற்றதில் சிறு பங்கை ஊதியமாக ஏற்றுக்கொண்டு வந்தார். முன்பு ஏசியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். 2016 செப்டம்பர் 10ஆம் நாள் டோக்கியோவில், 25 ஆண்டுகளுக்குப் பின்னர் அணி லீக் வெற்றியை அடைந்தபோது இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அராய்தான் 2023இல் அணியின் மேலாளர் ஆனார். அவர் தலைமையில்தான் 2024இன் செப்டம்பர் சரிவும் நிகழ்ந்தது. “குரியும் ஒருநாள் வருவார்” என்றார் கடையம்மாள். “வரும்போது கை வலுவிழந்திருக்கும்” என்றார் ஓட்டுநர்.

இவ்வளவும் மொழிபெயர்த்துக் களைத்த என் மருமகனைப் பார்த்து, “உன் அணி எது?” என்று ஓட்டுநர் கேட்டார். கோபேயில் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஹன்ஷின் ரசிகர்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொல்லவே, கடை முழுதும் சிரிப்பு! அராயைக் கொண்டுபோன அணி அல்லவா அது! சிரிப்பு அடங்கியதும் கடையம்மாள், “சொந்த ஊர் எது? எப்போது திரும்புகிறாய்?” என்று அவனிடம் கேட்டார். நான் பன்னிரண்டு நாட்களாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்த கேள்வி! அவன் எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. ஆயினும் அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். “அடுத்த வருடம்” என்று ஜப்பானிய மொழியில் சொன்னான். அந்தச் சொல்லும் எனக்குப் புரிந்தது. காரணம், அந்தப் பிற்பகலில் அதைப் பலமுறை கேட்டிருந்தேன்.

“நாங்களும் ஒவ்வொரு செப்டம்பரிலும் அதைத்தான் சொல்கிறோம்” என்றார் ஓட்டுநர்.

மாலையில் டிராம் ஏறி, குண்டில் எலும்புக்கூடாய் நின்றுபோன அந்தக் குவிமாடக் கட்டடத்தைக் காணச் சென்றோம். (குண்டு விழுந்த மூன்றே நாட்களில் இந்த டிராம் ஒரு சிறு தொலைவுக்கு மீண்டும் ஓடியதாம்!) சாலைக்கு மறுபுறம் ஒரு பூங்கா. 1957 முதல் 2008 வரை கார்ப் அணி ஆடிய பழைய மைதானம் அங்கேதான் இருந்தது. மைதானம் எழுந்தது குண்டு விழுந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். முதல் லீக் வெற்றிக்கோ 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் கார்ப் கடைசி இடம். ஜோ லட்ஸ் என்ற அமெரிக்க மேலாளர் வந்து தொப்பியின் நிறத்தைச் சிவப்பாக மாற்றினார். சிவப்புத் தொப்பியா என்று வீரர்களே கூச்சப்பட்டதாகச் சொல்வார்கள். மேலாளரும் ஒரு மாதம் நிறைவதற்குள் நடுவர்களோடு மோதி விலகிப் போனார். அப்படிப்பட்ட ஆண்டின் தொடக்கத்தில் யார்தான் பட்டியலில் கார்ப்பை முதலில் எழுதியிருப்பார்கள்? அக்டோபர் 15ஆம் நாள் வென்றார்கள். பின்னர் நடந்த ஊர்வலத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் சாலையோரம் திரண்டனர். அவர்களுள் சிலர் கைகளில் இறந்துபோன உறவினர்களின் படங்களை ஏந்தி நின்றார்கள், இதைக் காணாமல் போனவர்களுக்குக் காட்டுவதற்காக.

அந்தப் பூங்காவின் ஓரத்தில் நின்றபடி நான் மருமகனிடம் கேட்டே விட்டேன். “லாத்தா ஒரு தேதி கேட்கிறார்கள்.” அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, நான் போய்ச் சேரும்போது எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும் என்று உம்மா ஒருநாளும் சொல்வதில்லையே” என்றான். அதற்கு என்னிடமும் விடை இல்லை.

வாசகர்களே, அந்தக் கடையின் கணிப்புகள் என்னவாயின என்று நீங்கள் கேட்கக்கூடும். 2025இல் கார்ப் ஐந்தாம் இடத்தில் முடித்தது. மாணவன் சொன்னதே பலித்தது. ஹன்ஷின் அணி அந்த லீகின் வரலாற்றிலேயே மிக முன்கூட்டியதாக, செப்டம்பர் 7ஆம் நாளே வெற்றியை உறுதி செய்தது. அதுவும் ஹிரோஷிமா அணியைத் தோற்கடித்து! அன்றிரவே மருமகன் தொலைபேசியில் என்னை அழைத்து மகிழ்ந்தான். அந்தக் கடையம்மாள் இப்போது என்ன சொல்லிக் கொண்டிருப்பார் என்று கேட்டேன். “அடுத்த வருடம் முதலிடம்” என்று சொல்லிச் சிரித்தான்.

ஹிரோஷிமா நிலையத்தில் நான் ஒரு சிவப்புத் தொப்பி வாங்கி வந்திருந்தேன். தேதி வாங்கி வரவில்லை என்பதால் லாத்தாவுக்கு என்மீது வருத்தம். தொப்பியைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகனின் அறையில், அவன் சட்டை மாட்டும் ஆணியில் அது தொங்கிக் கொண்டிருந்தது.