நின்று ஓட்ட வண்டியைப் பொருத்துதல்



மலைப்பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆசை நம் இல்லங்களிலும் பெருகியிருக்கிறது. விடுமுறை நெருங்கினால் லடாக்கிற்கோ ஸ்பிட்டிக்கோ போக அனுமதி கேட்டு உம்மாவின் முன் வந்து நிற்கும் பிள்ளைகளை எல்லா ஊர்களிலும் காண்கிறோம். எந்த வண்டி, எந்தத் தலைக்கவசம், எந்தப் பெட்டி என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அந்த வண்டியை எழுந்து நின்று ஓட்டுவதற்கு ஏற்றவாறு தங்கள் உடலோடு பொருத்திக்கொண்டார்களா என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

சகோதரர்களாகிய எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்வி ஒரு கட்டாயத்தினால் வந்தது. எங்களில் மூத்தவருக்குக் கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கி, எட்டு மாதங்கள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். சிகிச்சையும் பயிற்சியும் பலனளித்து, அல்ஹம்துலில்லாஹ், மீண்டும் நின்று தொழத் தொடங்கியபின், தள்ளிப்போட்டிருந்த ஸ்பிட்டி பயணத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டோம். குண்டும் குழியுமான பாதையில் சீட்டில் உட்கார்ந்தபடி குலுங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் அனுமதித்தார். உம்மாவின் நிபந்தனை வேறு. "ஒரு நாள் வலிச்சாலும் வண்டியை அங்கேயே போட்டுட்டு பஸ்ல வந்துரணும்" என்றார்கள்.

நின்று ஓட்டுவதால் என்ன நன்மை? உட்கார்ந்திருக்கும்போது பின்சக்கரம் ஏறும் ஒவ்வொரு கல்லின் அடியும் சீட் வழியாக நேரே முதுகெலும்பிற்குள் ஏறுகிறது. நின்றால் கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்று மூட்டுகளும் அந்த அடியை வாங்கிக்கொள்கின்றன. வண்டி நமக்குக் கீழே தன் போக்கில் அசைந்து பாதையைத் தேடிக்கொள்கிறது. பார்வையும் தூரம் போகிறது. நின்றால் ஈர்ப்பு மையம் கீழே இறங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். உடல் மேலே எழும்பும்போது மையம் எப்படி இறங்கும்? இறங்குவதில்லை. நம் எடை வண்டியோடு இறுகப் பிணைந்திராமல் தளர்ந்து நிற்பதுதான் அந்த இலகுவான உணர்வுக்குக் காரணம்.

ஆனால் தாழ்ந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் கூன் போட்டுக்கொண்டு நின்றால், உட்கார்ந்து குலுங்குவதைவிட அதிகமாகவே கீழ்முதுகு நோகும். ஆகவே எங்களுக்கு வண்டியைப் பொருத்துவது என்பது சௌகரியம் பற்றிய விஷயமாக மட்டும் இருக்கவில்லை.

எங்கள் இருவரிடமும் இருப்பது ஹிமாலயன் 411. சீட் உயரம் 800 மி.மீ., முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம். வண்டி ஒன்றுதான், உடல்கள்தாம் வேறு. மூத்தவர் 5 அடி 11 அங்குலம்; இளையவர் 5 அடி 4 அங்குலம். ஒருவருக்குச் செய்த மாற்றம் மற்றவருக்கு உதவவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நண்பர் வட்டத்தில் ஒருவர் ரைசர் போட்டால் எல்லோரும் ரைசர் போடும் வழக்கம் இருக்கிறது. அதற்குச் செலவிடும் பணத்தில் பாதி வீண் என்பது எங்கள் கருத்து.

பெரும்பாலோர் ஹேண்டில்பாரிலிருந்து தொடங்குகிறார்கள். காலிலிருந்து தொடங்குவதே சரி. நிற்பவனுடைய முழு எடையும் ஃபுட்ரெஸ்ட்டின் மேல்தான் இருக்கிறது. அது குறுகலாக இருந்தால் அரை மணி நேரத்தில் உள்ளங்கால் எரியத் தொடங்கும். மேலே இருக்கும் ரப்பரைக் கழற்றிவிட்டாலே பிடிப்பு கூடும். நீண்ட பயணத்திற்கு அகலமான, பற்கள் உள்ள ஃபுட்ரெஸ்ட் நல்லது. மூத்தவருக்கு மட்டும் அது 20 மி.மீ. தாழ்வாக அமைந்ததாக வாங்கினோம். கால் 20 மி.மீ. இறங்கினால் தோளும் அவ்வளவு இறங்கும். ஹேண்டில்பாரை அதே அளவு உயர்த்தியதற்கு அது சமம். உட்காரும்போது முழங்காலும் அதிகமாக மடங்காது. இதற்கும் ஒரு விலை உண்டு. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது ஃபுட்ரெஸ்ட் சீக்கிரம் தரையைத் தொடும், பாறைகளிலும் இடிக்கும். இளையவருக்குத் தாழ்த்த வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது கியர் லீவரும் பின் பிரேக் பெடலும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இவை உட்கார்ந்து ஓட்டுபவருக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும். தடித்த பூட்ஸ் அணிந்து நிற்கும்போது கணுக்கால் அதிகம் வளையாது. பெடலைத் தேடிக் காலை நீட்ட வேண்டிவரும். கியர் லீவரின் போல்ட்டைக் கழற்றி, தண்டின் பற்களில் ஒரு பல் மேலே தள்ளிப் பொருத்தினோம். பூட்ஸின் முனை லீவரின் கீழே தடையின்றி நுழைந்தால் போதும். பிரேக் பெடலையும் சற்றே உயர்த்தினோம். நின்று ஓட்டும்போது பெடலின் உயரத்தைக் கூட்டிக்கொள்ள மடக்குத் தகடு வைத்த பெரிய வண்டிகள்கூட உண்டு. இந்த வேலையில் அவசரம் ஆகாது. பெடலை உயர்த்தியபின் அதில் சிறிது விளையாட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அது தடையின்றிச் சுழல வேண்டும். பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தால் இறக்கத்தில் சூடேறி, தேவையான தருணத்தில் பிடிக்காமலே போய்விடும். பெடலை மிதித்தால் பின்விளக்கு எரிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இதன் பிறகே ஹேண்டில்பாருக்கு வந்தோம். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்க, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று, கண்களை மூடி, முழங்காலைச் சற்றே மடக்கி, தமக்கு இயல்பான நிலைக்கு வர வேண்டும். பின் கைகளை முன்னே நீட்டிக் கண் திறந்து பார்க்க வேண்டும். கை விழுந்த இடம்தான் ஹேண்டில்பார் இருக்க வேண்டிய இடம். இளையவருக்குக் கிளாம்ப்பைத் தளர்த்தி ஹேண்டில்பாரை ஒரு விரற்கடை முன்னே சுழற்றியதே போதுமானதாயிற்று. மூத்தவருக்கு அதோடு 25 மி.மீ. ரைசரும் தேவைப்பட்டது. ரைசர் போட்டவர்கள் ஒரு சோதனையைத் தவறவிடக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். குறுகிய கொண்டை ஊசி வளைவில் அது ஆளைக் கவிழ்த்துவிடும். பிரேக் ஹோஸும் கிளட்ச் கேபிளும் அதே போல இறுகாமல் இருக்க வேண்டும்.

கை லீவர்களைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். உட்கார்ந்து ஓட்டுவதற்கு ஏற்ற லீவர், நின்றவுடன் மணிக்கட்டை மேல்நோக்கி முறிக்கும். முன்னங்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வரும்வரை லீவரைக் கீழே சுழற்ற வேண்டும். முழுதும் இறக்கிவிட்டால் உட்காரும்போது எட்டாது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். லீவர் கிளாம்ப்பை வெறிகொண்டு இறுக்க வேண்டாம். கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு இருந்தால், வண்டி சாயும்போது லீவர் முறியாமல் திரும்பிக்கொள்ளும். காஸாவுக்கு முன்னே ஒரு பழுதுபார்க்கும் கடையைத் தேடி அலைவதைவிட இது மேல்.

இவ்வளவும் ஆனபிறகு ஊருக்கு வெளியே ஒரு மண்பாதையில் இரண்டு வாரங்கள் பழகினோம். ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் போனால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். மூத்தவருக்குப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்திருந்த பயிற்சி ஒன்று அங்கேதான் கைகொடுத்தது. முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் முன்னே சாய்வது அது. அவர் வண்டியில் அப்படி நின்றதைப் பார்த்த இளையவர், "காக்கா, இது ருகூவுல்ல!" என்றார். சிறுவயதில் மதரஸாவில் எங்கள் முதுகின் மேல் உஸ்தாத் உள்ளங்கையை வைத்து, வளையாமல் சமமாக இருக்கிறதா என்று திருத்திய ஞாபகம் எங்கள் இருவருக்கும் உண்டு. ருகூவின் அளவுக்குக் குனிய வேண்டியதில்லை. ஆனால் வளையும் இடம் அதே இடுப்புதான். பிட்டம் சற்றே பின்னே, மார்பு முன்னே, முழங்கை வெளியே, பார்வை தூரத்தில். முழங்காலால் டேங்கை நசுக்காமல் கணுக்காலால் வண்டியை அணைத்துக்கொண்டால் போதும்.

எங்கே வலிக்கிறது என்பதை வைத்து எது பொருந்தவில்லை என்று கண்டுகொள்ளலாம். தொடை எரிந்தால் முழங்கால் அதிகம் மடங்கியிருக்கிறது. முன்னங்கை மரத்தால் லீவர் உயரமாக இருக்கிறது, அல்லது ஹேண்டில்பாரில் தொங்குகிறோம். கழுத்தும் கீழ்முதுகும் நொந்தால் ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கிறது. சமதளத்தில் மெதுவாகப் போகும்போது பிடியைத் தளர்த்திப் பாருங்கள். உடல் முன்னேயும் பின்னேயும் விழாமல் காலின் மேலேயே நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. எங்களில் இளையவர் டேங்கின் இருபுறமும் தொங்கவிட்டிருந்த பைகள் முழங்காலைத் தள்ளிக்கொண்டேயிருந்தன. அவற்றைக் கழற்றிப் பின்னே கட்டினோம்.

பிறகு வண்டிகளை ரயிலில் டெல்லிக்கு அனுப்பி, அங்கிருந்து மணாலி வழியாகப் புறப்பட்டோம். கிராம்ஃபூ தாண்டியதும் தார் முடிந்து, சத்ரு, பட்டால் வரை சந்திரா நதியின் ஓரமாகக் கல்லும் மணலும் ஓடும் நீருமாகப் பாதை கிடந்தது. பனியுருகி வரும் ஓடைகள் பிற்பகலில் பெருகும் என்பதால் காலையிலேயே கடந்தோம். முழு நேரமும் நிற்கவில்லை. நின்றுகொண்டே ஓட்டுவது வீரம் என்று எண்ணுவோர் உண்டு. அது கால்களைத்தான் வீணாக்கும். கல் வந்தால் எழுவோம், தளம் சீரானால் அமர்வோம். 4,500 மீட்டருக்கும் மேலான குன்ஸும் கணவாயை ஏறி லோசாருக்கு இறங்கியபோது, மலைக்காற்றில் மூச்சு வாங்கியதே தவிர முதுகு எதுவும் சொல்லவில்லை.

அலைபேசி எடுத்த இடங்களிலெல்லாம் உம்மாவிடம் பேசினோம். வலிக்கிறதா என்று அவர்கள் கேட்கவேயில்லை. வலித்தாலும் பிள்ளை இல்லையென்றுதான் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். "இன்னைக்கு நின்னு தொழுதியா?" என்று மட்டும் கேட்டார்கள். பதினொரு நாட்களும் ஆம் என்றே மூத்தவரால் சொல்ல முடிந்தது.

ஊர் திரும்பியபின் அவர் ரைசரைக் கழற்றவில்லை. கை லீவரை மட்டும் அலுவலகம் போய்வர ஏற்றவாறு சற்று உயர்த்திக்கொண்டார். மலைக்குப் பொருத்திய நிலையை ஹேண்டில்பாரிலும் கிளாம்ப்பிலும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் சிறு கோடிட்டு வைத்திருக்கிறோம். அடுத்த முறை இரண்டு எல் கீயும் பத்து நிமிடமும் போதும். கோடு போடும்போது ஒருவர் வண்டியின் மேல் நிற்க, மற்றவர் கீழே குனிந்து பார்க்க வேண்டும். தனியாக முயல வேண்டாம். ஏறத்தாழ 200 கிலோ எடை அது.