நின்னே, பாக்கலையே!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் கார். ஒரகடம் என்றால் லாரி, புல்லட், டயர். நடுவில் ஏரிகளும் இருக்கின்றன என்பது கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கும்போதுதான் கண்ணில் படும். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம் என்று வரிசையாக. பொங்கல் லீவில் அந்தக் கரைகளில் நாலு பேர் கழுத்தில் பைனாகுலரோடு நின்றால் ரியல் எஸ்டேட்காரர்கள் என்று நினைத்து விலை கேட்காதீர்கள். பறவை எண்ணுகிறவர்கள்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-ல் ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி 'ஈபேர்ட்' தளத்தில் ஏற்ற வேண்டும். 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடமும் ஆடுபன் அமைப்பும் சேர்ந்து தொடங்கியது அது. கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. பரிசே இல்லாத இடத்தில் எதற்குப் பொய்க் கணக்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கும் நண்பர் ஒரு பொங்கலுக்கு என்னை இழுத்துப் போனார். ஏழு பேர். திடீரென்று ஒரு பெண், "விரால் அடிப்பான்!" என்று கத்தினார். நண்பரும் பார்த்துவிட்டார். மற்றவர்கள் பிஸ்கட்டிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் அது ஷெட் கூரைக்குப் பின்னால் போய்விட்டது. எனக்குத் தெரிந்தது கூரை மட்டும்தான்.

குழுவாகப் போனால் ஒருவர் பட்டியல் போட்டு மற்றவர்களுக்குப் பகிரலாம். வந்த பிரதியில் தான் பார்க்காத பறவையை அவரவர் எடுத்துவிட வேண்டும். நண்பர் அதைச் சொன்னதும் ஒரு பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சார், நானும் இங்கதானே நின்னேன்?"

"நின்னே. பாக்கலையே தம்பி."

"எனக்கு இது லைஃபர் சார். யாருக்குத் தெரியப்போகுது?"

வாழ்க்கையில் முதல்முறை பார்க்கும் இனத்துக்கு 'லைஃபர்' என்று பெயர். இவர்களுக்கு அது முதல் சம்பளம் மாதிரி.

இந்தச் சண்டை பறவைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. 2000 மே மாதம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. ஓரிரு நாளில் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் பக்கெட் ஒன்றை ஒளித்து வைத்து, 'கண்டுபிடியுங்கள்' என்று இடத்தின் அளவுகளை அறிவித்தார். உள்ளே ஒரு நோட்டு. கண்டுபிடித்தவர் கையெழுத்துப் போடணும். இன்று உலகம் முழுக்க டப்பாக்கள். விளையாடுகிறவர்கள் ஊர்கூடி டீ குடிப்பதும் உண்டு. அங்கேயும் இதே பஞ்சாயத்து: ஒருத்தர் தேடி எடுத்த டப்பாவில் கூட வந்த பத்துப் பேரும் பெயர் எழுதலாமா? எங்கள் பி.காம் வகுப்பில் இதற்குப் பெயர் ப்ராக்ஸி.

ஆனால் டப்பாவில் ப்ராக்ஸி போட்டால் கெடுவது ஒரு ஆட்டம். பறவையில் அப்படி இல்லை. 2023-ல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை அலசியது. ஆதாரம், 30,000-க்கும் மேற்பட்டவர்கள் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகள். எந்த இனம் குறைகிறது, எதற்கு முதலில் பாதுகாப்பு வேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் தன்னார்வலர்கள் விவரம் கேட்டு எழுதுவார்கள். மற்றபடி வவுச்சர் இல்லாத லெட்ஜர். எழுதுகிறவன் கைதான் ஆடிட்டர்.

அரிய பறவையில் நடக்கும் பொய்யாவது கண்ணுக்குத் தெரியும். காக்கா விஷயம்தான் மோசம். பட்டியலின் கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? பலர் கூசாமல் 'ஆம்' போடுகிறார்கள். காக்காவையும் மைனாவையும் எவன் எழுதுவான்? கம்ப்யூட்டருக்கு இந்த அலட்சியம் புரியாது. முழுப் பட்டியலில் காக்கா இல்லையென்றால், அன்று அந்த ஏரியில் காக்காவே கண்ணில் படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் புதுப்புது ஷெட்கள் எழும்பும் ஊரில், எது போனது, எது தங்கியது என்று பத்து வருஷம் கழித்துக் கேட்டால் பதில் இந்த வரிகளில்தான் இருக்கும். நாமக்கோழிக் கூட்டத்தைப் பார்த்து, "நூறு போடு சார், ரவுண்டா இருக்கட்டும்" என்கிறவர்களும் இதே ஜாதிதான். நண்பர் பத்துப் பத்தாக எண்ணி 64 என்றார். பிறகு தலையைக் குனிந்து, மறுபடி எண்ணி, 67 என்று திருத்தினார். குவாலிட்டி ஆசாமி!

பையன் போனை எடுத்தான். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழித்தான். யாரும் பாராட்டவில்லை, அந்தப் பெண் மட்டும் பிஸ்கட் பாக்கெட்டை அவன் பக்கம் நீட்டினார்.

"காக்கா எத்தனை சார் போட்டீங்க?" என்றான் கொஞ்சம் கடுப்பாக.

"பதினொண்ணு."

"பன்னெண்டு சார். கரன்ட் கம்பத்துல ஒண்ணு விட்டுட்டீங்க."

நண்பர் பைனாகுலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, திருத்திக்கொண்டார்.